நஞ்சைத் தின்னும் உயிர்களுக்கு என்ன தீனி கொடுக்கிறோம்?

நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992ல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கர் அளவு நிலத்துக்கு அது பாசனம் தரும் என்பது திட்டம். ஆனால், மேலே திருப்பூரில் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஆற்றில் விட்ட கழிவு அணைக்குள் வந்து தேங்கியது. உப்பேறிய அந்த நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் இறங்கியது. பாசனத்தை எதிர்பார்த்திருந்த விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. அணை கேட்டுப் போராடுவதே வழக்கமாக இருக்கும் ஒரு மாநிலத்தில் இதைவிடக் கொடுமை என்ன இருக்க முடியும்? அதன் பிறகு வழக்குகள் வந்தன, தீர்ப்புகள் வந்தன, கோடிக்கணக்கான ரூபாயில் இயந்திரங்கள் வந்தன. இவ்வளவுக்கும் பிறகு நாம் சரியாகக் கற்றுக்கொள்ளாத பாடம் ஒன்று பாக்கி இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய நமக்குக் கிடைத்திருக்கும் மிகத் திறமையான, மிக மலிவான வேலையாள் நுண்ணுயிர்தான். அந்த வேலையாளால் எது முடியும், எது முடியாது என்பதைப் பட்டறைக்குள்ளேயே கணக்கில் எடுத்துக்கொள்ளாதவரை, கடைசியில் எந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஆறு மீளாது.

திருப்பூரில் 1990களில் அமைக்கப்பட்ட முதல் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நுண்ணுயிரை நம்பி அமைக்கப்பட்டவை அல்ல. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் பாலிமரும் கலந்து, சாயத்தைத் திரள வைத்து அடியில் படியச் செய்யும் வேதிமுறையே அங்கே பிரதானமாக இருந்தது. நீரின் நிறம் ஓரளவு குறைந்தது. கண்ணுக்குத் தெரிந்த குற்றம் மறைந்ததால் வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஆனால், சாயம் ஏற்றுவதற்காகக் கொட்டிய உப்பு அப்படியே நீரில் இருந்தது. சுத்திகரிப்பதற்காகக் கொட்டிய சுண்ணாம்பும் சல்பேட்டும் அதோடு சேர்ந்துகொண்டன. அடர்ந்த நிறம் ஏற்றும்போது ஒரு லிட்டர் சாயக்குளியலுக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். அது துணியில் ஒட்டுவதில்லை. முழுவதும் சாக்கடைக்குத்தான் போகிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வெறும் காகிதமாக இருந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006ல் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009ல் அதை உறுதிசெய்தது. அப்போதும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூர் ஸ்தம்பித்தது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, ஆர்.ஓ. சவ்வுகளும் ஆவியாக்கும் கலன்களும் பொருத்தப்பட்டன. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையில் அங்கே இயங்குகின்றன.

அந்தத் தீர்ப்பு தேவையானது. அதில் எனக்கு ஐயமே இல்லை. விவசாயிகளின் விடாப்பிடி இல்லாமல் போயிருந்தால் நொய்யலைப் பற்றிப் பேசவே இன்று ஆள் இருந்திருக்காது. ஆனால், அந்த விவாதம் முழுக்க நிலையத்தின் கடைசிப் பகுதியைச் சுற்றியே நடந்தது. எந்தச் சவ்வு, எந்தக் கொதிகலன், அதற்கு எவ்வளவு மின்சாரம் என்பதே பேச்சாக இருந்தது. நடுவில் இருக்கும் காற்றூட்டும் தொட்டியைப் பற்றி, அதற்குள் வாழும் கோடானுகோடி உயிர்களைப் பற்றி, அவற்றுக்கு நாம் என்ன தீனி கொடுக்கிறோம் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தத் தொட்டிதான் நிலையத்தின் உயிர்.

இந்த முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் 1914ல் தங்கள் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். நகரச் சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் அது தெளியும் என்பது முன்பே தெரிந்த சேதி. ஆனால், முழுதாகத் தெளிய ஐந்து வாரம் போல ஆனது. அவர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுச் சாக்கடை நீரை ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்தது. கடைசியில் ஒரே நாளில் தெளிந்தது. நம் வீடுகளில் இன்றைய தயிரிலிருந்து நாளைக்கு உறை எடுத்துவைக்கும் அதே வழக்கம்தான் இது. கசடில் இருந்தவை அந்தக் கழிவுநீருக்குப் பழகிய பாக்டீரியாக்கள். அவற்றைக் கொட்டிவிட்டால் ஒவ்வொரு நாளும் முதல் நாள். காப்பாற்றி வைத்தால் ஒவ்வொரு நாளும் திறமை கூடும். உலகின் பெரும்பாலான நகரங்களின் சாக்கடை நீர் இன்றும் இந்தக் கொள்கையின் மேல்தான் சுத்தமாகிறது.

சாக்கடை நீரைத் தின்னும் உயிர் தொழிற்சாலை நஞ்சையும் தின்னுமா என்று கேட்டால், நாம் நினைப்பதைவிட அதிகமாகவே தின்னும். நிலக்கரியைச் சுட்டுக் கோக் தயாரிக்கும் ஆலைகளின் கழிவில் பீனாலும் சயனைடும் தயோசயனேட்டும் நிறைந்திருக்கும். பழக்கப்பட்ட பாக்டீரியாக்கள் அவற்றை உணவாக்கிக்கொள்கின்றன. இதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் சான்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் லீட் என்ற ஊரில் இருந்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம். தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு வேண்டும். அந்தச் சுரங்கத்தின் கழிவு கலந்த ஓடையில் நெடுங்காலம் மீனே இல்லை. 1984ல் அங்கே ஓர் உயிரியல் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. பாதி நீரிலும் பாதி காற்றிலும் மெதுவாகச் சுழலும் 48 வட்டு உருளைகள். அவற்றின் மேல் படலமாக வளர்ந்த பாக்டீரியாக்கள். எங்கிருந்தோ வரவழைத்தவை அல்ல. சுரங்கத்தின் சொந்தக் கழிவுநீரிலேயே பிழைத்துக்கிடந்தவை. அவற்றைப் பிரித்தெடுத்து, சயனைடின் அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டிப் பழக்கினார்கள். முதல் வரிசை உருளைகளில் சயனைடும் தயோசயனேட்டும் சிதைந்து அமோனியாவாகும். அடுத்த வரிசைகளில் வேறு பாக்டீரியாக்கள் அந்த அமோனியாவை நைட்ரேட்டாக்கும். ஓடையில் டிரவுட் மீன் மறுபடி வாழத் தொடங்கியது. சயனைடைத் தின்று வாழும் உயிர் உண்டு என்றால், திருப்பூர்ச் சாயத்தையும் ஆம்பூர்த் தோல் கழிவையும் தின்னும் உயிர் இல்லாமல் போய்விடுமா?

இருக்கிறது; ஆனால் அது கேட்கும் வரிசையில் கொடுக்கவேண்டும். நாம் பயன்படுத்தும் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகையைச் சேர்ந்தது. இரண்டு நைட்ரஜன் அணுக்களைக் கோத்திருக்கும் ஒரு பிணைப்பே அவற்றுக்கு நிறத்தைத் தருகிறது. காற்று நிறைந்த தொட்டியில் அந்தப் பிணைப்பு எளிதில் அறுவதில்லை. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியாக்கள் அதை அறுத்துவிடும், நிறம் போய்விடும். ஆனால், அறுந்த துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. நிறம் போனதைப் பார்த்து அங்கேயே நிறுத்திவிட்டால், தெரியும் விஷத்தைத் தெரியாத விஷமாக மாற்றியதோடு சரி. அந்த அமீன்களைச் சிதைக்கக் காற்றுள்ள தொட்டி அடுத்து வேண்டும். முதலில் காற்றில்லாத கட்டம், பிறகு காற்றுள்ள கட்டம், இரண்டுக்கும் போதுமான நேரம். சாயக்கழிவைப் பற்றி ஒரு பொறியாளர் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் பாடம் இது. நிறத்தை வைத்து நீரை எடைபோடும் பழக்கம் அதிகாரிகளிடமும் உண்டு, மக்களிடமும் உண்டு. அதை நாம் கைவிட்டாக வேண்டும்.

இனி, முடியாதவை. உப்பை எந்த பாக்டீரியாவாலும் தின்ன முடியாது. அதில் அதற்கு உணவே இல்லை. குரோமியத்தையும் துத்தநாகத்தையும் அழிக்க முடியாது. உலோகம் உலோகமாகவே இருக்கும். நஞ்சு மிகுந்த ஆறிணைதிறன் குரோமியத்தை அவ்வளவு நஞ்சில்லாத மூவிணைதிறன் குரோமியமாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. மாற்றிய பிறகும் அது கசடில் உட்கார்ந்திருக்கும். ஆனால், திட்டமிட்டால் உலோகத்தையும் பிடித்துத் தர இந்த உயிர்களால் முடியும் என்பதற்கு நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலை சாட்சி. பல பத்தாண்டுகள் உலோகமும் சல்பேட்டும் இறங்கிக் கெட்டுப்போன நிலத்தடி நீரை மேலே இறைத்து, சல்பேட்டைச் சல்பைடாக்கும் பாக்டீரியாக்களிடம் கொடுத்தார்கள். 1992ல் தொடங்கிய அந்த நிலையத்தில், உண்டான சல்பைடு துத்தநாகத்தைப் பற்றித் துத்தநாக சல்பைடாகப் படிந்தது. அதைத் திரும்ப ஆலையின் உலைக்கே அனுப்பினார்கள். கழிவு மூலப்பொருளானது. அதே பாக்டீரியா, திட்டமில்லாத இடத்தில் கொலைகாரனாகவும் மாறும். கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட் நிறைந்த சாயக்கழிவும், சல்பேட் நிறைந்த தோல் கழிவும் காற்றில்லாமல் தேங்கினால் அங்கே ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். தொட்டி கழுவ இறங்கும் தொழிலாளிகளை நொடியில் சாய்க்கும் வாயு அது.

இந்த வரம்புகளைக் காட்டித்தான் உயிரியல் முறையை ஒதுக்குகிறார்கள். உப்பை எடுக்க முடியாத முறையால் திருப்பூருக்கு என்ன பயன், எல்லாவற்றையும் ஆர்.ஓ. சவ்வு பார்த்துக்கொள்ளாதா என்பது முதல் ஆட்சேபம். சவ்வு உப்பைத் தடுக்கும், உண்மை. ஆனால், சவ்வுக்குள் போகும் நீரில் கரிமப் பொருள் மிச்சம் இருந்தால் அது சவ்வின் மேல் படியும்; அந்தப் படிவைத் தின்ன அங்கேயே பாக்டீரியா வளரும்; துளைகள் அடைபடும். அடிக்கடி கழுவவேண்டும், அழுத்தம் கூடும், மின்கட்டணம் கூடும், சவ்வின் ஆயுள் குறையும். கடைசியில் ஆவியாக்கும் கலனுக்குப் போகும் அடர்நீரிலும் அந்தக் கரிமம் இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் உப்பு அழுக்கேறிய கலப்பு உப்பாக வரும். அதை மறுபடி சாயத்துக்குப் போட முடியாது; விற்கவும் முடியாது; மூட்டைகளில் கட்டிக் கொட்டகைகளில் அடுக்கத்தான் வேண்டும். காற்றூட்டும் தொட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்தால், மீட்டெடுக்கும் உப்புக்கரைசல் திரும்பச் சாயத்தொட்டிக்கே போகும் தரத்தில் கிடைக்கும். மலிவான பகுதியைக் கவனிக்காமல் விட்டு, அதன் பாரத்தை விலையுயர்ந்த பகுதியின் தலையில் ஏற்றினால் நிலையத்தின் செலவு ஏறிக்கொண்டேதான் போகும். ரகசியமாகக் கழிவைத் திறந்துவிடும் ஆசை அந்தச் செலவிலிருந்துதான் பிறக்கிறது.

பாக்டீரியாவை நம்ப முடியாது, இன்று வேலை செய்யும், நாளை செத்துவிடும், சுண்ணாம்பு அப்படி ஏமாற்றாது என்பது இரண்டாவது ஆட்சேபம். நிலையங்களை நடத்துபவர்களிடையே இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் பாதி உண்மையும் உண்டு. ஆனால், பாக்டீரியா ஏன் சாகிறது? துணியை வெளுக்கப் பயன்படுத்திய பெராக்சைடையும் குளோரினையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் சாகிறது. அவை கிருமியைக் கொல்வதற்கென்றே இருக்கும் பொருள்கள். கொதிக்கக் கொதிக்க வரும் சாயநீரை ஆறவிடாமல் கொட்டினால் சாகிறது. காரம் ஏறிய நீரைச் சமன் செய்யாமல் விட்டால் சாகிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்க இரவில் காற்றூதியை நிறுத்தினால் மூச்சுமுட்டிச் சாகிறது. பட்டினியாலும் சாகிறது. நூறு பங்கு கரிமத்துக்கு ஐந்து பங்கு நைட்ரஜனும் ஒரு பங்கு பாஸ்பரசும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சாயக்கழிவில் இவை போதாது. வயலுக்குப் போடுவது போலவே தொட்டிக்கும் யூரியாவும் பாஸ்பேட்டும் போட்டாக வேண்டும். இத்தனையும் மனிதர் செய்யும் பிழைகள். இவற்றைச் செய்துவிட்டு உயிரியல் முறையின்மேல் பழி போடுவதை ஏற்க முடியாது.

சுண்ணாம்பு ஏமாற்றாது என்பதும் சரியில்லை. வேதிமுறை நஞ்சை அழிப்பதில்லை. நீரிலிருந்து சேற்றுக்கு மாற்றிவைக்கிறது. கரிமத்தை பாக்டீரியா கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றும்போது அதன் பெரும்பகுதி உண்மையிலேயே இல்லாமல் போகிறது. காற்றில்லாத முறையில் இன்னும் ஆதாயம் உண்டு. ஒரு கிலோ சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் எரிக்க ஆகும் ஆக்சிஜனின் அளவு) சிதைந்தால் 0.35 கனமீட்டர் வரை மீத்தேன் கிடைக்கலாம், சேறும் மிகக் குறைவு, நம் வெப்பநிலை அதற்கு ஏற்றது. மாறாக, சுண்ணாம்பும் இரும்பும் குரோமியமும் கலந்த சேறு மலையாகக் குவியும். அதற்குப் போக்கிடம் இல்லை. ராணிப்பேட்டையில் அதன் விலை என்ன என்பதைப் பார்த்துவிட்டோம். 2015 ஜனவரி 31 அதிகாலையில், சிட்கோ தொழிற்பேட்டையின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ஊரில், 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன் அளவு குரோமியக் கழிவின் கதை தனி.

இதற்கு நேர்மாறான மயக்கமும் ஒன்று இருக்கிறது. எல்லா விஷத்தையும் தின்னும் அதிசய பாக்டீரியா என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள். நிலையங்கள் வாங்கிக் கொட்டுகின்றன. ஆனந்த சக்கரவர்த்தி என்ற வங்காள விஞ்ஞானி, கச்சா எண்ணெயின் பல பகுதிகளைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அறிவியல் வரலாற்றில் அது பெரிய நிகழ்வு. ஆனால், அந்த பாக்டீரியா கடலில் கொட்டிய எண்ணெயைச் சுத்தம் செய்யக் களத்தில் இறங்கவேயில்லை. 1989ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டிஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, கரையில் உரத்தைத் தெளித்தார்கள். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பாக்டீரியாக்களுக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்ததும் அவை எண்ணெயைத் தின்றன. ஹோம்ஸ்டேக் சொல்வதும் இதைத்தான். அந்தந்தக் கழிவுக்குப் பழகிய உள்ளூர் உயிர்க்கூட்டத்துக்கு ஏற்ற சூழலைக் கொடுப்பதுதான் வழி. வெளியிலிருந்து வரும் தனி இனம், ஆயிரம் இனங்கள் போட்டியிடும் தொட்டியில் பெரும்பாலும் சில நாள்களில் காணாமல் போய்விடும். பொட்டலத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு நுண்ணோக்கியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு பட்டதாரியும் அந்த நிலையத்துக்குக் கிடைத்திருப்பார்கள்.

ஊர்ச் சாக்கடையோடு தொழிற்சாலைக் கழிவைக் கலந்துவிட்டால் நஞ்சின் அடர்த்தி குறையும், பாக்டீரியாவும் பிழைக்கும் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. கான்பூரில் அதைச் செய்து பார்த்திருக்கிறோம். கங்கைக் கரையில் ஜாஜ்மாவ் தோல் தொழிற்சாலைகளின் கழிவில் 9 பங்குக்கு 27 பங்கு நகரச் சாக்கடை நீரைச் சேர்த்து, நாளொன்றுக்கு 36 மில்லியன் லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம் நெதர்லாந்து உதவியோடு 1994ல் தொடங்கியது. காற்றில்லாத முறையில், நம் தட்பவெப்பத்துக்குப் பொருத்தமான நல்ல வடிவமைப்பு. ஆனால், தொழிற்சாலைகள் தங்கள் குரோமியத்தைத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே பிரித்தெடுத்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல் அது நின்றது. அந்த நம்பிக்கை பொய்த்தது. குரோமியம் நிலையத்தைத் தாண்டி, சுத்திகரித்த நீர் என்ற பெயரில் சுற்றுக் கிராமங்களின் வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எருவாகியிருக்க வேண்டிய சாக்கடைக் கசடும் குரோமியம் ஏறிக் கெட்டது. பாக்டீரியாக்கள் தங்கள் பங்கு வேலையைச் செய்தன. வாசலில் நிற்க வேண்டிய மனிதர்கள் நிற்கவில்லை.

ஆகவே உண்மையான வேலை பட்டறைக்குள் இருக்கிறது. சாயக்குளியலின் அளவு பட்டறையின் மொத்தக் கழிவில் சிறு பகுதிதான்; ஆனால் உப்பில் பெரும்பகுதி அதில்தான். அதைத் தனிக் குழாயில் பிரித்து அனுப்பினால், மிச்சமிருக்கும் அலசிய நீர் பாக்டீரியாவுக்கு உகந்த நல்ல தீனி. தோல் ஊறவைத்த உப்புநீரையும் இப்படித்தான் பிரிக்கவேண்டும். குரோமியம் கலந்த நீரைத் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்துத் திரும்பத் தோலுக்கே பயன்படுத்தலாம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறது. போட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு போல வீணாகும் தொழிலில், இதைச் செய்யாமல் விடுவது சொந்தக் காசைச் சாக்கடையில் கொட்டுவதே. வாசலில் தடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அசோ சாயங்களே எடுத்துக்காட்டு. புற்றுநோய் அமீன்களைத் தரும் சாயங்களை ஜெர்மனி 1994ல் தடைசெய்தது. இந்தியாவும் 1990களிலேயே தடைவிதித்தது. ஏற்றுமதி நின்றுவிடும் என்ற அச்சத்தின் மூலம், எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் செய்ய முடியாததைச் சந்தை செய்து காட்டியது. இதே கண்டிப்பைத் திருப்பூருக்குள் நாமே கொண்டுவரலாம். இப்போது பொது நிலையங்களில் கட்டணம் பெரும்பாலும் லிட்டர் கணக்கில் போகிறது. நல்ல நீர் அனுப்புபவருக்கும் பெராக்சைடும் உப்பும் கொதிநீரும் அனுப்புபவருக்கும் ஒரே விலை. உப்பு, சி.ஓ.டி., நச்சுத்தன்மை ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கினால், பிரித்து அனுப்பும் பட்டறைக்கு அன்றைக்கே லாபம் தெரியும்.

சிறு பட்டறைகளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா, வங்கதேசத்தோடும் வியட்நாமோடும் போட்டி போடும் தொழிலை இப்படி நெருக்கலாமா என்பது கடைசி ஆட்சேபம். லட்சக்கணக்கான குடும்பங்களின் சோறு அந்தத் தொழிலில் இருக்கிறது. இந்தக் கேள்வியை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால், செலவு எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வேலூர்த் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதையும், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதையும் அந்தத் தீர்ப்பு பதிவுசெய்திருக்கிறது. பிறகு அமைக்கப்பட்ட ஆணையம் வேலூர்ப் பகுதியில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. தலைமுறை தலைமுறையாக விளைந்த மண்ணுக்கும் குடித்த கிணற்றுக்கும் அதுதான் விலை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதியில் ஓடும் பாலாற்றைப் பற்றி, இதே தோல் கழிவைப் பற்றி மறுபடி தீர்ப்பு எழுதவேண்டி வந்தது. இந்தக் கணக்கையெல்லாம் சேர்த்தால் காற்றூதி ஓடும் மின்சாரம் மலிவு. சிறு பட்டறையால் தனியாக முடியாது என்பது சரி; தனிக் குழாய் போடவும் குரோமியம் மீட்கவும் அரசு மானியம் தரட்டும். சவ்வுக்கும் கொதிகலனுக்கும் கடன் கொடுத்த அரசால் இதற்கும் கொடுக்க முடியும்.

கடைசியாக, எதை அளக்கிறோம் என்பதையும் மாற்றவேண்டும். பாக்டீரியா கழிவைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்பதைச் சொல்வது பி.ஓ.டி.; வேதிமுறையில் எரித்துப் பார்த்தால் எவ்வளவு ஆக்சிஜன் ஆகிறது என்பதைச் சொல்வது சி.ஓ.டி. முன்னது லிட்டருக்கு 30 மில்லிகிராமும் பின்னது 250 மில்லிகிராமும் தாண்டக் கூடாது என்பது பொது விதி. நச்சுக் கழிவில் பி.ஓ.டி. ஒரு பொறி. அளவு குறைவாக வந்தால் நீர் சுத்தம் என்று பொருளாகலாம். சோதனைப் புட்டிக்குள் இருந்த பாக்டீரியாவே விஷத்தால் செத்துப்போய் ஆக்சிஜன் எடுக்காமல் இருந்ததாகவும் பொருளாகலாம். காகிதத்தில் இரண்டும் ஒரே எண். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவழிக் கண்காணிப்புக் கருவிகள் அமில-காரத்தன்மை, மிதக்கும் துகள், பி.ஓ.டி., சி.ஓ.டி., நீரோட்டம் போன்றவற்றையே காட்டுகின்றன. உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய அளவுகோல் நம் சட்டத்திலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 1993ல் சேர்க்கப்பட்ட பொதுத் தர அளவுகளின்படி, எதுவும் கலக்காத கழிவுநீரில் மீன்களை விட்டால் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீதம் உயிரோடு இருக்கவேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தச் சோதனையை ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், ஈரோடு என்று கழிவுநீரை வெளியேற்ற அனுமதி கேட்கும் ஒவ்வொரு பொது நிலையத்தின் வாயிலிலும், திருப்பூரில் காற்றூட்டும் தொட்டியைத் தாண்டி வரும் நீரிலும் மாதந்தோறும் நடத்தி, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவேண்டும். உப்பால் மீன் செத்ததா, நஞ்சால் செத்ததா என்பதைப் பிரித்துச் சொல்ல வாரியத்தின் ஆய்வகங்களுக்கு நுண்ணுயிரியல் படித்தவர்களை வேலைக்கு எடுக்கவேண்டும். ஒவ்வொரு பொது நிலையத்திலும் தினமும் நுண்ணோக்கியில் கசடைப் பார்க்கும் ஓர் ஆள் நிரந்தரச் சம்பளத்தில் இருக்கவேண்டும். விஷம் உள்ளே வந்தால் முதலில் சாகும் சிற்றுயிர்கள் எவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். எந்தப் பட்டறை எதை எப்போது திறந்துவிட்டது என்று கேட்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் விதியை நடைமுறைப்படுத்தச் சொல்லி விவசாயிகள் மறுபடி ஒருமுறை நீதிமன்றம் ஏறும்வரை அரசு காத்திருக்கக் கூடாது.